அப்பா சூளையை மூடச் சொல்கிறார், தம்பி கடன் வாங்கச் சொல்கிறான்

சூளையடி:

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டுப் போகிறவன், இப்போதுதான் முதல் இழை போடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சிவகங்கை மாவட்டத்தில் மண்பாண்டம் வனைகிற ஒரு வேளார் வீடு. தாத்தா காலத்தில் எங்கள் தெருவில் 20 திகிரிக்கு (வனைகிற சக்கரம்) மேல் சுற்றியதாம். நான் பள்ளிக்கூடம் போகும்போது 9 இருந்தன. இப்போது 3. அதில் ஒன்று அப்பாவுடையது. அவருக்கு 64 வயது. நாற்பது வருடம் குனிந்து உட்கார்ந்து வனைந்ததில் இரண்டு முட்டியும் போய்விட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தம்பிக்கு 36 வயது, குட்டியானை ஓட்டுகிறான். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் மட்டும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மண்ணில் இறங்குவான். இப்போது அவனுக்கு முழுநேரமாகவே இதைச் செய்ய ஆசை வந்திருக்கிறது. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் கடன் வாங்கி, மண் அரைக்கும் மெஷின், கரண்ட் திகிரி, கேஸ் சூளை எல்லாம் போடலாம் என்கிறான். செல்லில் தினம் ஒரு வீடியோ காட்டுகிறான். மண்சட்டிக்கு இப்போது நல்ல கிராக்கி, பட்டணத்தில் ஒரு சட்டி 400 ரூபாய்க்குப் போகிறது என்று கணக்குச் சொல்கிறான்.

அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "வாங்குன கடனச் சட்டி கட்டாதுடா, உன் வண்டிதான் கட்டும்."

இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் நான். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள், இருந்து விட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.


வைகைக்கரை:

தம்பி, ஆசையும் கோபமும் இருக்கட்டும். வருடத்தில் எந்த மாதம் என்ன செய்கிறீர்கள், எவ்வளவு கைக்கு வருகிறது, அதைப் போடுங்கள். அது இல்லாமல் யார் என்ன சொன்னாலும் வாய்ப்பேச்சுதான்.


சூளையடி:

சரி அண்ணே. அப்பாவிடம் கேட்டு, அவர் விட்டதைத் தம்பியிடம் கேட்டு எழுதுகிறேன்.

மார்கழி முழுக்கப் பொங்கல் பானையும் அடுப்பும். அது முடிந்தால் மாசி, பங்குனியில் முளைப்பாரி ஓடு, தீச்சட்டி, அப்புறம் தண்ணீர்ப் பானை. சித்திரையில் ஆயிரங்கண் பானைக்கு (நேர்த்திக்கடனுக்கு எடுக்கிற, உடம்பெல்லாம் துளை போட்ட பானை) தேனிப் பக்கமிருந்து ஒரு வியாபாரி வருவார், வீரபாண்டித் திருவிழாவுக்கு. வைகாசி, ஆனி சும்மா. ஆடியில் கொஞ்சம். ஆவணியிலிருந்து அகல்விளக்கு, கார்த்திகை வரைக்கும். சாவு வீட்டுக்குக் கொள்ளிச் சட்டியும் குடமும் எப்போது வேண்டுமானாலும், அதற்கு மாதம் கிடையாது.

இதில் விளக்குதான் பெரிய உருப்படி. ஆனால் அதில் ஒரு சங்கடம். ஐப்பசி பிறந்தால் கார்த்திகை தீபம் வரைக்கும் மழை. வெயில் இல்லாமல் விளக்குக் காயாது, ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடும், விறகும் நனைந்து கிடக்கும். அதனால் ஆவணி, புரட்டாசியிலேயே செய்து சுட்டு வீட்டுக்குள் அடுக்கிவிட வேண்டும். விற்பதோ மூன்று மாதம் கழித்து. அதுவரை சோற்றுக்கு என்ன செய்வது? வியாபாரி முன்பணம் கொடுப்பார். முன்பணம் வாங்கின அன்றைக்கே விலையும் முடிந்துவிடும். போன வருடம் ஆயிரம் விளக்கு 900 ரூபாய். நவம்பரில் மதுரைக் கடைத்தெருவில் அதே விளக்கை ஒன்று 3 ரூபாய்க்கு நானே பார்த்தேன்.

மண், விறகு போக வருடத்துக்கு 70,000 ரூபாய் தேறும் என்கிறான் தம்பி. அப்பா 50,000 என்கிறார்.


வைகைக்கரை:

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். தம்பி தன் உழைப்புக்குக் கூலி போடவில்லை, அப்பா போட்டிருக்கிறார்.


கண்மாய்மேடு:

மண் எங்கே எடுக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே. முதல் செலவே அதுதான்.

எங்கள் அண்ணன் மகன் போன வருடம்தான் முறையாக எழுதிக் கொடுத்து எடுத்தான். சிறு கனிம விதிகளில் மண்பாண்டம் செய்கிறவர்கள் கண்மாயில் களிமண் இலவசமாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு, 60 கன மீட்டர் வரைக்கும். முன்பு கலெக்டர் ஆபீஸ் வரை நடக்க வேண்டும். 2024இல் அதைத் தாசில்தாருக்கு மாற்றினார்கள், இ-சேவையிலேயே விண்ணப்பம் போடலாம். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் மாவட்ட அரசிதழில் பெயர் வந்த கண்மாயில்தான் எடுக்கலாம், நமக்கு வேண்டிய மண் அந்தக் கண்மாயில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

மண்ணென்றால் எல்லாம் ஒன்று என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். ஒரு தடவை எங்களுக்குத் தெரிந்த கண்மாய் கிடைக்காமல் வேறு இடத்து மண்ணில் சட்டி செய்தோம். வனைய நன்றாக வந்தது, சூளையிலும் உடையவில்லை, நிறமும் பழம் மாதிரி. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் போன் போடுகிறார், சட்டி சட்டியாகப் பொட்டுப் பொட்டென்று சில்லு தெறிக்கிறது என்று. போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குழிக்கு நடுவிலும் வெள்ளையாக ஒரு மிளகு. மண்ணில் சுக்கான்கல் இருந்திருக்கிறது. சூளையில் அது வெந்து சுண்ணாம்பாகி, காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து உப்பி, சட்டியை உடைத்துவிட்டது. 140 சட்டி. கடைக்காரர் பாதிப் பணம் பிடித்துக்கொண்டார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால் மெஷின் வாங்குவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். ஜேசிபி வைத்து ஆளுயரம் தோண்டின கண்மாயில் மேல்மண் போய்விட்டிருக்கும். நமக்கு வேண்டியது அந்த மேல் இரண்டு முழம்தான்.


மண்சட்டிவியாபாரி:

400 ரூபாய்ச் சட்டி என்றதும் என் காது அரிக்கிறது. அப்படி விற்கிற ஆள்களில் நானும் ஒருவன், பெயரைப் பார்த்தாலே தெரியும். திட்டுகிறவர்கள் திட்டலாம், அதற்கு முன் கணக்கைக் கேளுங்கள்.

என்னிடம் 350க்குப் போகிற குழம்புச் சட்டியை வனைகிறவரிடம் 80க்கு எடுக்கிறேன். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, கசிகிறதா என்று பார்த்து, கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிப் பழக்கிக் கொடுக்கிறேன். அட்டைப்பெட்டி இரண்டு, நடுவில் வைக்கோல், காகிதம், ஒட்டு நாடா, 45 ரூபாய். கூரியர் 90லிருந்து 120. பத்தில் ஒன்று உடைந்துபோய்ச் சேரும், அதற்கு மறுசட்டி என் செலவில். விற்பனைத் தளத்துக்குக் கழிவு. மிச்சம் என்ன நிற்கும் என்று நீங்களே பாருங்கள். தம்பி செல்லில் பார்ப்பது 400, கையில் வருவது அது இல்லை.

தம்பிக்கு உபயோகப்படுகிற ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் வாங்குகிறவர்கள் பானை கேட்பதில்லை. தட்டையான அடி, அடுப்பில் ஆடாமல் உட்கார வேண்டும், மூடி பொருந்த வேண்டும், இரண்டு பக்கமும் காது வேண்டும். உருண்டை அடிச் சட்டி விறகடுப்புக்குச் செய்தது, கேஸ் அடுப்பில் அது கவிழ்ந்துவிடும். பானை பிரியாணி போடுகிற ஓட்டல்காரர்கள் மாதம் 500, 1,000 என்று கேட்கிறார்கள், ஆனால் எல்லாம் ஒரே அளவாக வேண்டும் அவர்களுக்கு. "அண்ணே இந்தத் தடவை கொஞ்சம் சின்னதா வந்துருச்சு" என்பது அங்கே எடுபடாது.


பழையசோறு:

80க்கு எடுத்து 350. நல்ல கதை. வனைகிறவனுக்கு மழைக்காலத்தில் நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? அரசாங்கமாவது 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது.

போகட்டும். வயசானவன், பழசைக் கொஞ்சம் சொல்கிறேன். பானையை எவர்சில்வர் ஒழித்தது, அலுமினியம் ஒழித்தது, பிளாஸ்டிக் குடம் ஒழித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் வீட்டுப் பானை குயவனுக்கு எப்போதுமே பெரிய வருமானம் இல்லை. ஊர் கொடுத்ததுதான் வருமானம். அறுப்புக் களத்தில் வேளாருக்கென்று நெல் அளப்பார்கள். கிணற்றுக்கு உறை, வீட்டுக்குக் குதிர், மாட்டுக்குத் தொட்டி, கூரைக்கு ஓடு, பனையேறிக்குக் கலயம். ஒவ்வொன்றாகப் போனது. உறையைச் சிமெண்ட் வாங்கிக்கொண்டது. 1987இல் கள்ளுக்குத் தடை வந்ததும் கள்ளுக் கலயம் நின்றது. பதநீருக்கும் இப்போது பிளாஸ்டிக் டப்பா கட்டுகிறார்கள். களத்து நெல் எப்போது நின்றது என்று எனக்கே ஞாபகம் இல்லை, மெஷின் அறுப்பு வந்த பிறகு களமே இல்லையே.

ஐயனாருக்குக் குதிரை செய்கிற உரிமை மட்டும் இன்னும் இருக்கிறது. ஊர் கூடிப் பிடிமண் (ஊர் மண்ணில் ஒரு பிடி) கொடுத்தால்தான் வேளார் குதிரையில் கை வைப்பார். அந்த மரியாதை வேறு, வயிறு வேறு. அந்த மண்குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துப் போகிற புரவி எடுப்பு எல்லா வருடமும் வருகிறதா என்ன? அதிலும் பல ஊரில் சிமெண்டுக் குதிரை நிற்கிறது. ஒரு தடவை செய்தால் போதுமாம், வருடா வருடம் செலவு மிச்சமாம்.


மண்சட்டிவியாபாரி:

பெரியவர் கேட்டது நியாயம். மழைக்காலத்தில் ஒன்றும் கொடுப்பதில்லை.


தட்டுப்பலகை:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். அப்பா என்ன சொன்னார், தம்பி என்ன சொன்னான், வியாபாரிக்கு என்ன மிச்சம், எல்லாம் வந்துவிட்டது. சூளையடி தம்பி, உங்கள் அம்மா என்ன சொன்னார்கள்?

நானும் வேளார் வீட்டில் பிறந்தவள்தான், வாழ்க்கைப்பட்டதும் அப்படித்தான். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். திகிரியிலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடி கிடையாது. வாயும் கழுத்தும் தோளும் இருக்கும், கீழே கனமாக, ஓட்டையாக ஒரு வளையம். ஒரு பொழுது நிழலில் வாட விட்டு, உள்ளே ஒரு கையால் கல்லைக் கொடுத்து, வெளியே மறு கையால் பலகையால் தட்டித் தட்டித்தான் அந்த வளையத்தை இறக்கி மூடி வயிறாக்குவது. கல் இருக்கிற இடமும் பலகை விழுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். கண் உள்ளே போகாது, கைக்குத்தான் தெரியும். ஒரு இடத்தில் மெலிந்தால் சூளையில் அங்கேதான் கீறும். ஒரு தடவை தட்டி முடியாது, வாட விட்டு இரண்டாம் தட்டு, பெரிய பானைக்கு மூன்றாம் தட்டு. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதைச் செய்தது பொம்பளைகள். மண் மிதித்ததும் கல் பொறுக்கியதும், காவி பூசியதும், தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாக விற்றதும்கூட. திகிரியில் மட்டும் உட்கார விடமாட்டார்கள், அது தீட்டாம்.

கூலி? யாருக்கு யார் கூலி கொடுப்பது, ஒரே வீடுதானே.

நான் தட்டுவதை நிறுத்தி எட்டு வருடம். நூறு நாள் வேலைக்குப் போகிறேன். 2025-26க்குத் தமிழ்நாட்டில் ஒரு நாளுக்கு 336 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். முழுசாக அது வராது, அளந்து குறைத்துத்தான் போடுவார்கள், தாமதமும் ஆகும். ஆனால் என் பெயரில் இருக்கிற கணக்கில் வருகிறது. அதில் என் மகளுக்கு நான் வாங்கின முதல் சாமான் ஒரு சைக்கிள். என் வீட்டுக்காரர், "நீ போனப்புறம் பானையே செய்ய முடியல" என்று இரண்டு வருடம் புலம்பினார். அப்புறம் விளக்குக்கு மாறிவிட்டார். விளக்குக்குத் தட்ட ஆள் வேண்டாம் பாருங்கள், ஒரே ஆள் திகிரியில் ஒரு மண்ணுருண்டையை வைத்து வரிசையாக அறுத்துப் போட்டுக்கொண்டே போகலாம்.

பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் பானையை ஒழித்தது பாதிதான் பெரியவரே. தட்டுகிற கை எழுந்து போனது மீதிப் பாதி. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.


சூளையடி:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் அம்மாவும் நூறு நாள் வேலைக்குத்தான் போகிறார்கள். அம்மாவிடம் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கத் தோன்றவில்லை.


கடமேளம்:

அக்கா சொன்னதற்கு ஒரு ஒத்து. கச்சேரியில் வாசிக்கிற மானாமதுரைக் கடம் எல்லோருக்கும் தெரியும். கடத்தின் நாதமே தட்டில்தான் இருக்கிறது. சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக வர ஆயிரக்கணக்கில் தட்ட வேண்டும், சுருதி கேட்டு ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு அதிலேயே கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். சங்கீத நாடக அகாடமி விருது அந்த ஊருக்கு வந்தபோது யாருக்கு வந்தது? தட்டுகிற மீனாட்சி அம்மாவுக்கு.

2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அன்றைக்கு எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் குறியீடு விலை வாங்கித் தராது, வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பெயரில் விற்கிறவனைத் தடுக்க ஒரு காகிதம், அவ்வளவுதான். கடத்துக்கு வித்வான் பெயர் சொல்லி வாங்குகிறார், சட்டிக்கு யார் பெயர் கேட்கிறார்கள்?


ஒன்றியம்12:

திட்டம் பற்றி யாரும் எழுதவில்லை, எனவே: கலைஞர் கைவினைத் திட்டம், 25 தொழில்கள், மண்பாண்டமும் சுடுமண் வேலையும் அதில் உண்டு. 35 வயது ஆகியிருக்க வேண்டும். கடன் 3 லட்சம் வரை, 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. வட்டியில் 5 சதவீதம் வரை அரசு ஏற்கும். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் வந்தது, 18 தொழில், முதலில் 1 லட்சம், அடைத்த பிறகு 2 லட்சம், கருவி வாங்க 15,000. ஆனால் அது தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வரவில்லை, பரம்பரைத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை.

உங்கள் அப்பா மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? 60 வயதுக்குள் பதிந்து புதுப்பித்து வந்திருந்தால் ஓய்வூதியம் மாதம் 1,200 உண்டு. கடனைவிட அதை முதலில் பாருங்கள்.


தீப்பொறி:

அப்பன் தொழிலைப் பிள்ளை செய்யட்டும் என்று கடன் கொடுப்பதே தப்பு. அந்தக் காசில் அந்தப் பையனுக்கு வேறு படிப்புக் கொடுக்கலாம். ஜாதித் தொழிலுக்கு மெஷின் மாட்டிவிட்டால் அது நவீனமா?


பழையசோறு:

தம்பி, அவனுக்கு 36 வயசு. எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பீர்கள்?


வைகைக்கரை:

தீப்பொறி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே நிற்கிற கேள்வி அது இல்லை. அரசியலுக்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள்.


கொசப்பேட்டைவாசி:

சென்னையிலிருந்து. எங்கள் பேட்டையின் பெயரே குயவர் பேட்டை மருவியதுதான். எங்கள் வீட்டில் தாத்தாவோடு திகிரி நின்றது. அப்பா பிள்ளையாருக்கும் கொலு பொம்மைக்கும் மாறினார். நான் அச்சில் பொம்மை எடுத்து வர்ணம் அடிக்கிறேன். வனையத் தெரியாது. குயவர் வீட்டுப் பிள்ளையா என்று கேட்டால் ஆமாம், குயவனா என்று கேட்டால் பதில் சொல்ல யோசிப்பேன்.

வருமானம்? பரவாயில்லை. 2020இல் பிளாஸ்டர் சிலைக்குத் தடை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டுதல் போட்டதும் களிமண் பிள்ளையாருக்குக் கொஞ்சம் மவுசு கூடியது. ஆனால் ஆவணியிலும் புரட்டாசியிலும் எடுக்கிற பணத்தில் மீதிப் பத்து மாதம் ஓட வேண்டும். அதனால் வீட்டுக்கு ஒருவர் மாதச் சம்பளத்தில் இருக்கிறோம். என் தங்கை ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அந்தச் சம்பளம்தான் எனக்கு முன்பணம். வியாபாரியிடம் கை நீட்டாமல் சரக்கை வைத்திருந்து விற்க முடிகிறது.

உங்கள் தம்பி குட்டியானையை விற்றுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். முழுநேரம் என்ற ஆசைதான் இதில் ஆபத்து.


பீங்கான்காரி:

நான் புதுச்சேரிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். பரம்பரைக் குயவர் வீடு இல்லை. இங்கே 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பீங்கான் பட்டறையைத் தொடங்கினார்கள், அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் நிறைய ஸ்டுடியோக்கள் வந்துவிட்டன. கேஸ் சூளை பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தயவுசெய்து தம்பியிடம் காட்டுங்கள்.

நாங்கள் சுடுவது 1,200 டிகிரிக்கு மேல், அதற்கென்று தனி மண். கண்மாய் மண்ணை அந்தச் சூட்டில் வைத்தால் உருகி உட்கார்ந்துவிடும். உங்கள் திறந்த சூளை 700, 800, மிஞ்சினால் 900. அந்தச் சூட்டில் வெந்த மண்ணில் நுண்துளை இருக்கும். தண்ணீர் அதில் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. சட்டி அடுப்புச் சூட்டைத் தாங்குவதற்கும் அந்தத் துளையும் மணலும்தான் காரணம். கேஸ் சூளை வாங்கி, இன்னும் கெட்டியாக வரட்டும் என்று சூட்டை ஏற்றினால் பார்க்க அழகாக இருக்கும், தண்ணீர் குளிராது, அடுப்பில் வைத்தால் விரியும். ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். கேஸ் செலவும் சட்டி விலையில் பாதியைத் தின்றுவிட்டது. இப்போது அந்தச் சூளைக்குள் கோழி அடைகிறார்கள்.

மண் அரைக்கிற மெஷின் வேறு விஷயம். அது முட்டியையும் முதுகையும் காப்பாற்றும். முதலில் அதை வாங்கச் சொல்லுங்கள். மீதிப் பணத்தில் மழையில் நனையாத, காற்றோட்டமான கொட்டகை.


கண்மாய்மேடு:

கொட்டகை என்பது சரியான பேச்சு. விளக்குக் காய இடம் இருந்தால் ஐப்பசி வரைக்கும் செய்யலாம், ஆவணியிலேயே முன்பணத்துக்குப் போக வேண்டாம்.


சூளையடி:

எல்லோருக்கும் நன்றி. ஊருக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.


சூளையடி:

இரண்டு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். தீபாவளி ஆர்டர், கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை.

அன்றைக்கு ஊருக்குப் போய் அம்மாவிடம்தான் முதலில் கேட்டேன். அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி தொழில் பண்ணட்டுமாம்மா?" என்றேன். "பண்ணட்டும், தட்டுறது யாரு?" என்றார்கள். நீங்கள்தான் என்று தம்பி வாசலிலிருந்து சொன்னான். அம்மா கையை நிறுத்தவே இல்லை. "ஒரு பானைக்கு எவ்வளவு?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பாதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருக்கும்.

கடைசியில் நடந்தது இது. 3 லட்சம் வாங்கவில்லை, ஒன்றரை லட்சத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. கேஸ் சூளை இல்லை. மண் அரைக்கும் மெஷின் ஒன்று பழசாக, தெருவில் இருக்கிற மூன்று வீடும் சேர்ந்து கைப்பணம் போட்டு வாங்கிவிட்டோம். முதல் நாளே பெல்ட் அறுந்தது, தம்பி வண்டியில் போய் வாங்கி வந்து போட்டான். கடன் வந்தால் கொட்டகைக்கு. வண்டியை விற்கவில்லை. அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும் தட்டுகிறார்கள். சின்னச் சட்டிக்கு 12 ரூபாய், பெரிய பானைக்கு 30. ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறோம். நூறு நாள் வேலை இருக்கிற நாளில் இரண்டு பேரும் அங்கேதான் போகிறார்கள், அதை விடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுக்கு நல வாரியத்தில் பதிவு இருந்திருக்கிறது, 2015க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. அதற்கு அலைந்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் முதல் சூளை பிரித்தோம். 180 சட்டி. அப்பா கட்டிலில் உட்கார்ந்துகொண்டார், ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தோம். விரல் முட்டியால் ஒரு சுண்டு. கணீரென்றால் வலது பக்கம், சத்தம் செத்துப்போய் வந்தால் இடது பக்கம். பார்த்தால் ஒன்றும் தெரியாது, மயிரிழைக் கீறல்கூட இல்லை. ஆனால் காதுக்குத் தெரிகிறது. இடது பக்கம் 23 சேர்ந்தன. அதில் 15 எங்கே கீறியது என்று பார்த்தால் எல்லாம் ஒரே இடம், அடியில். தம்பி தட்டியது. அம்மாவுக்கு வேலை அதிகம் என்று ஒரு நாள் சாயங்காலம் அவன் உட்கார்ந்திருக்கிறான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பதினைந்தையும் நோட்டில் அவன் பெயருக்கு நேரே எழுதச் சொன்னார்கள்.

மீதி 157. பழைய வியாபாரி 70 என்றார். அவரிடம் 100 கொடுத்தோம். 57 வீட்டில் இருக்கின்றன, விலை ஏறட்டும் என்று தம்பி வைத்திருக்கிறான். அப்பா தினமும் அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை போடுகிறார், ஒன்றும் சொல்வதில்லை.


தட்டுப்பலகை:

30 ரூபாய் குறைச்சல். மூன்று தட்டுப் பானை என்றால் 45 கேட்கச் சொல்லுங்கள் அம்மாவை.


மண்சட்டிவியாபாரி:

அந்த 57ஐ நான் 95க்கு எடுத்துக்கொள்கிறேன், அடி தட்டையாக இருந்தால். வைக்கோல் நான் கொண்டுவருகிறேன்.


சூளையடி:

தம்பியிடம் சொல்கிறேன் அண்ணே. 40 தட்டை, 17 உருண்டை. அக்கா, 45 என்றதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துத் தா என்கிறார்கள்.


புதுவரவு_88:

தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி, மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பத்து வருடத்துச் சட்டி ஒன்று இருக்கிறது, சட்டி நன்றாக இருக்கிறது, மூடி உடைந்துவிட்டது. மூடி மட்டும் செய்து தருவீர்களா?


சூளையடி:

அப்பாவிடம் கேட்டேன். சட்டியும் மூடியும் ஒரே ஈரத்தில் செய்து ஒன்றாகக் காய விட்டால்தான் பொருந்துமாம், மண் காயும்போது பத்துக்கு ஒன்று வாக்கில் சுருங்கிவிடும். தனியாகச் செய்தால் அளவு நிற்காது என்று முதலில் முடியாது என்றுவிட்டார். ராத்திரி அவரே கூப்பிட்டார். ஒரு நூலைச் சட்டி வாயைச் சுற்றிப் பிடித்து, அந்த நூலை அப்படியே கவரில் போட்டு அனுப்பச் சொல்கிறார். மூன்று மூடி செய்து பார்ப்பாராம், ஒன்று பொருந்தும்.